கைநாட்டும் கடவுச்சொல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, போன், வங்கிக் கணக்கு, ஆதார் என்று சந்தேகத்தோடு வருகிறவர்களுக்கு என்னால் முடிந்ததைச் சொல்லி வருகிறேன். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பாதிப் பேர் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: "இப்பதான் எல்லாம் கைரேகையிலயே ஆகுதே, பாஸ்வேர்டைத் தூக்கிப் போட்டுடலாமா?"

கைரேகை வைத்தாலே போன் திறக்கிறது. அப்புறம் எதற்கு பாஸ்வேர்ட்?

உங்கள் போனை ஒரு தடவை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். விரலை வைத்தால் திறக்காது, பின் நம்பரைத்தான் கேட்கும். ஆண்ட்ராய்டும் அப்படித்தான், ஐபோனும் அப்படித்தான். ஈர விரலை நாலைந்து தடவை வைத்துத் தவறினாலும் கடைசியில் அந்த எண்ணிடம்தான் கொண்டுபோய் விடும். உண்மையான பூட்டு அந்த எண். பகல் முழுக்கப் பூட்டைத் திறந்து திறந்து மூட வேண்டாமே என்று போட்டிருக்கும் தாழ்ப்பாள்தான் கைரேகை.

ஆகவே கைரேகையும் வைத்து, பின் நம்பராக 1234-ம் வைத்திருப்பவரின் போனுக்குப் பூட்டு 1234 மட்டுமே. நான்கு இலக்கத்தில் மொத்தம் 10,000 எண்கள்தான் இருக்கின்றன. ஆறு இலக்கத்தில் 10 லட்சம். அதையும் பிறந்த வருஷமாகவோ வண்டி நம்பராகவோ வைத்தால் தெரிந்தவர்கள் பத்து முயற்சிக்குள் பிடித்துவிடுவார்கள்.

என் விரல் என்னிடம்தானே இருக்கிறது? அதை எப்படித் திருட முடியும்?

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கிறது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஒவ்வொரு தாளின் அடியிலும் கட்டைவிரல் ரேகை வைத்திருக்கிறார். மை வெளிறிவிட்டது. ஆனாலும் ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தால் ரேகைகளை எண்ணிவிடலாம். நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு ஓடும். சிறுவயதில் அரிவாள் பட்ட தழும்பு அது என்று பாட்டி சொல்வார். தாத்தா போய் முப்பது வருஷம் ஆகிறது. விரலின் நகல் இன்னும் தாளில் இருக்கிறது.

கைரேகை ரகசியமாக இருப்பதற்காகப் புழக்கத்துக்கு வந்ததே இல்லை. 1858-ல் வங்காளத்து ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, சாலை போடுவதற்கான சரக்கு தருவதாக ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் மையில் பதித்து வாங்கினார். "நான் ஒப்புக்கொள்ளவே இல்லை" என்று பின்னால் மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. 1897-ல் கல்கத்தாவில் கைரேகைக்கென்றே தனி அலுவலகம் வந்தது. குற்றவாளியை அடையாளம் காணவும், பத்திரத்தில் "இது நான்தான்" என்று சொல்லவும் பயன்பட்ட பொருள் அது. நாலு பேர் பார்க்கக் காட்டுவதற்கென்றே இருப்பது. கடவுச்சொல் அதற்கு நேர் எதிர். எனக்கு மட்டும் தெரிந்திருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு.

காட்டுவதற்கான ஒன்றைச் சாவியாக்கினால் என்ன ஆகும்? 2018-ல் தெலங்கானாவில் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்தில் கிடைத்த நிலப் பத்திரங்களிலிருந்து கட்டைவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற மாதிரியே போலி ரேகைகள் செய்து, ஊரார் பெயரில் சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். அவருக்குப் பெரிய கம்ப்யூட்டர் வித்தை எதுவும் தேவைப்படவில்லை. 2002-லேயே ஜப்பானில் சுடோமு மட்சுமோட்டோ என்ற ஆய்வாளர், மிட்டாய் செய்யும் ஜெலட்டினில் விரல் வார்த்துக் கைரேகைக் கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். 2014-ல் ஜெர்மனியில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர்கள் சங்கத்தைச் சேர்ந்த யான் கிரிஸ்லர், அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த உர்சுலா ஃபான் டெர் லையனின் கட்டைவிரல் ரேகையைப் பொது நிகழ்ச்சிகளில் எடுத்த புகைப்படங்களிலிருந்தே உருவாக்கிக் காட்டினார்.

மொத்தமாகப் பறிபோனதும் உண்டு. 2015-ல் அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து திருடுபோன தகவல்களில் 56 லட்சம் பேரின் கைரேகைகளும் இருந்தன. பாஸ்வேர்ட் போனால் அன்று மாலையே மாற்றிவிடலாம். அந்த 56 லட்சம் பேரும் விரலுக்கு என்ன செய்வார்கள்? பத்துதான் இருக்கிறது.

ஆதார் ரேகையை வைத்து வங்கியிலிருந்து பணம் எடுக்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். ஏஇபிஎஸ் என்கிற ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்தில் வங்கியின் பெயர், ஆதார் எண், கைரேகை ஆகிய மூன்றும் இருந்தால் போதும். ஏடிஎம் கார்டு வேண்டாம், பின் வேண்டாம், ஓடிபி வேண்டாம். வங்கிக் கிளை இல்லாத கிராமத்தில் ஊரக வேலைத் திட்டச் சம்பளத்தையும் முதியோர் பென்ஷனையும் வீட்டு வாசலிலேயே வாங்க இது பெரிய உதவி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றில் ஒன்றுகூட ரகசியம் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆதார் நகலை ஜெராக்ஸ் கடையிலிருந்து லாட்ஜ் வரை கொடுத்து வைத்திருக்கிறோம். ரேகை பத்திரத்தில் இருக்கிறது. போலி விரலைக் கண்டுபிடிக்க, உயிருள்ள விரல்தானா என்று சோதிக்கும் முறையை ஆதார் ஆணையம் 2023-ல் பலப்படுத்தியது. அது நல்லதே. ஆனாலும் நம் பக்கத்துக் கதவை நாமே தாழிடுவது மேல்.

ஆதார் ஆணையத்தின் செயலியிலோ மைஆதார் தளத்திலோ போய் பயோமெட்ரிக் லாக் என்பதைப் போட்டுவிடுங்கள். அதற்கு உங்கள் செல் நம்பர் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பூட்டிய பிறகு உங்கள் ரேகையையோ கருவிழியையோ வைத்து யாரும் ஆதாரில் சரிபார்க்க முடியாது. நீங்களும்தான். ரேஷன் கடையில் ரேகை வைக்கப் போவதற்கு முன், சிம் கார்டு வாங்கப் போவதற்கு முன், தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். இதை மறந்துவிட்டு வரிசையில் நின்று திரும்பி வந்தவர்கள் உண்டு. அதே தளத்தில், உங்கள் ஆதாரை வைத்து எப்போதெல்லாம் சரிபார்ப்பு நடந்தது என்ற பட்டியலும் கிடைக்கும். எப்போதாவது எடுத்துப் பாருங்கள்.

பணம் போனது தெரிந்தால் முதல் வேலை சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்வது. வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டம் ஏற்றப்படக் கூடாது. நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள்.

போனில் பதிந்த ரேகையும் எங்காவது போய்ச் சேர்ந்துவிடுமா?

நல்ல போன்களில் சேராது. இந்த வித்தியாசத்தைப் பலரும் தெரிந்துகொள்ளாமலே பயப்படுகிறார்கள், அல்லது தெரிந்துகொள்ளாமலே நிம்மதியாக இருக்கிறார்கள். போனில் வைக்கும் ரேகை, அதன் சில்லுக்குள் தனியாக ஒதுக்கிய பாதுகாப்பான இடத்திலேயே வெறும் எண்களாக மாறி அங்கேயே இருக்கிறது. கூகுளுக்கோ வங்கிக்கோ அது போவதில்லை. வங்கிச் செயலிக்குக் கிடைப்பது "விரல் பொருந்தியது" என்ற ஒரு பதில் மட்டுமே.

அலுவலகத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் சுவரில் மாட்டியிருக்கும் வருகைப் பதிவு எந்திரம் வேறு. அதில் பதிந்தது எந்தக் கணினியில் இருக்கிறது, யார் பார்க்கிறார்கள், வேலையை விட்டால் அழிப்பார்களா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. 2019-ல் பயோஸ்டார் 2 என்ற கதவுப் பூட்டு அமைப்பின் தகவல் கிடங்கு வெளியே திறந்து கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ரேகைகள் அதில் இருந்தன. அட்டையைக் காட்டி உள்ளே போகலாம் என்றால் நான் அட்டையைத்தான் கேட்பேன்.

சரி, இன்னொன்று. உங்கள் போனில் எத்தனை ரேகைகள் பதிவாகி இருக்கின்றன என்று செட்டிங்ஸில் பாருங்கள். நூலகத்துக்கு வந்த ஒரு பெரியவரின் போனில் நான்கு இருந்தன. இரண்டு அவருடையவை. ஒன்று பேரனுடையது. நான்காவது யாருடையது என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் பதிந்துகொடுத்தோம்.

சிலருக்கு ரேகையே விழுவதில்லையே, ஏன்?

பாஸ்வேர்ட் சரி அல்லது தப்பு, அவ்வளவுதான். ஓர் எழுத்து மாறினாலும் தப்பு. கைரேகை அப்படி இல்லை. எந்திரம் ஒவ்வொரு முறையும் "எவ்வளவு ஒத்துப்போகிறது" என்றுதான் பார்க்கிறது, ஓர் அளவைத் தாண்டினால் ஏற்றுக்கொள்கிறது. அந்த அளவைக் கூட்டினால் உரிமைக்காரரையே வெளியே நிறுத்தும். குறைத்தால் அடுத்தவரை உள்ளே விடும். அந்நியர் ஒருவரின் விரல் தற்செயலாகப் பொருந்திவிட 50,000-ல் ஒரு வாய்ப்பு, முகம் பொருந்திவிட 10 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று ஆப்பிள் சொல்கிறது. இரட்டையர், சாயல் ஒத்த உடன்பிறந்தவர்கள், 13 வயதுக்குக் குறைந்த குழந்தைகள் விஷயத்தில் முகக் கணக்கு இதைவிட மோசமாகலாம் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார், நாற்பது வருஷம் சிமெண்டில் கை வைத்தவர். அவரோடு ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் நின்றேன். வலது கட்டைவிரல் விழவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இடது கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நெற்றி வியர்வையைத் தொட்டு இன்னொரு தடவை. பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவர் விரல்களைத் தொட்டுப் பார்த்தேன், கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தன. உழைத்த கையைப் பார்த்து "நீ நீ இல்லை" என்று ஒரு பெட்டி சொல்வதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பாத்திரம் தேய்க்கும் பெண்களுக்கும், வயதானவர்களுக்கும் இதே கஷ்டம். எந்த இடத்திலும் கைரேகை மட்டுமே ஒரே வழியாக இருக்கக் கூடாது என்பதற்கு இந்தக் காட்சியே எனக்குப் போதும்.

அப்படியென்றால் போனில் கைரேகையை நிறுத்திவிடட்டுமா?

வேண்டாம். டீக்கடையிலும் பஸ்ஸிலும் பின் நம்பரை அடிக்கும்போது பக்கத்தில் நிற்பவர் பார்த்துவிடுவார். விரலை வைத்தால் பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. அமெரிக்காவில் மதுக்கூடங்களில் ஐபோன் பின் நம்பரை எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் போனைப் பறித்துக்கொண்டு ஓடி, கணக்கையே கைப்பற்றும் திருட்டுகள் நடந்தன. அதற்காக 2024 ஜனவரியில் ஆப்பிள் ஒரு பாதுகாப்பைச் சேர்த்தது. பழக்கமில்லாத இடத்தில் இருக்கும்போது முக்கியமான மாற்றங்களுக்கு முகமோ விரலோ கட்டாயம், பின் நம்பர் மட்டும் செல்லாது. பின்னுக்கு மேலே இன்னொரு காவலாக ரேகை நிற்கும் இடம் இது. அந்த இடத்தில் அது நன்றாகவே வேலை செய்கிறது.

தூங்கும்போது விரலை எடுத்து வைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள், குறிப்பாக வீட்டுக்குள்ளேயே நிம்மதி இல்லாத பெண்கள், என்னிடம் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார்கள். அது நியாயமான பயம். ஐபோனில் பக்கவாட்டுப் பட்டனையும் ஒலிப் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், அடுத்த தடவை பின் நம்பர் இல்லாமல் திறக்காது. ஆண்ட்ராய்டில் பவர் மெனுவில் லாக்டவுன் என்று இருக்கும். தூங்கப் போகும் முன் போனை ஒரு தடவை அணைத்துப் போட்டாலும் அதே பலன்தான்.

ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன். கஷ்டமான பாஸ்வேர்ட்தான். போதாதா?

போதாது. எவ்வளவு கஷ்டமானது என்பதைவிட, வேறு எங்கும் இல்லாதது என்பதுதான் முக்கியம். எங்கோ ஒரு சின்னத் தளம் உடைந்து உங்கள் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வெளியே வந்தால், திருடர்கள் அதே ஜோடியை நூறு தளங்களில் தானாகவே போட்டுப் பார்ப்பார்கள். 2023-ல் 23அண்ட்மீ என்ற மரபணுப் பரிசோதனை நிறுவனத்தில் இப்படி நுழைந்த கணக்குகள் சுமார் 14,000 மட்டுமே. ஆனால் உறவினரைத் தேடும் வசதி வழியாக 69 லட்சம் பேரின் விவரங்கள் வெளியே போயின. ஒருவரின் பழைய பாஸ்வேர்ட், அவர் முகமே பார்த்திராத சொந்தக்காரரின் பரம்பரைத் தகவலைத் திறந்துவிட்டது.

உங்கள் மின்னஞ்சல் ஏற்கெனவே ஏதாவது கசிவில் இருக்கிறதா என்று, ட்ராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். என்னுடையதைப் போட்டபோது, வேலை தேடிய காலத்தில் பதிந்து மறந்தே போன ஒரு தளம் வந்து நின்றது. அதே பாஸ்வேர்டை அப்போது மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தேன். அன்று இரவு ஒன்றரை மணி வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன்.

நல்ல பாஸ்வேர்ட் எப்படி இருக்க வேண்டும்?

பிள்ளை பெயர், ஒரு @, அப்புறம் 123. நம்மூரில் நான் பார்த்தவற்றில் பாதி இப்படித்தான். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் இருப்பதால் தளமும் பச்சை விளக்கு காட்டும். ஆனால் முதலில் சோதிக்கப்படுவதே இந்த வடிவம்தான்.

நீளம் வேண்டும், கூடவே யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் வேண்டும். ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995-ல் வெளியிட்ட டைஸ்வேர் முறை எனக்குப் பிடித்தது. பகடையை ஐந்து தடவை உருட்டினால் வரும் எண்ணுக்குப் பட்டியலில் ஒரு சொல் இருக்கும். மொத்தம் 7,776 சொற்கள். இப்படி எடுத்த ஐந்து சொற்களில் ஏறத்தாழ 2.8 லட்சம் கோடி கோடி சேர்க்கைகள் உண்டு. எட்டுச் சிறிய எழுத்துகளில் இருப்பது வெறும் 20,882 கோடி. "முருங்கை ஏணி தவளை சுண்ணாம்பு பல்லவி" மாதிரி ஒரு வரிசை மனசில் படமாக நின்றுவிடும். சொற்களை நீங்களே யோசித்து எடுக்காதீர்கள். மனசு எப்போதும் பழக்கமான இடத்துக்கே போகும். பகடையோ கணினியோ தேர்ந்தெடுக்கட்டும். மேலே சொன்ன வரிசையையே எடுத்து வைத்துக்கொள்ளவும் கூடாது, இங்கே எழுதியாயிற்று.

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா என்பது நமக்கே நாளுக்கு நாள் மாறும். ஒரு முறையை முடிவு செய்து, முதல் ஒரு வாரம் தினமும் அடித்துப் பழகுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டுமா?

காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம். அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2017-ல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசியில் இருக்கும் 1-ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். கசிவு என்று தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

நோட்டில் எழுதி வைக்கலாமா? பாஸ்வேர்ட் மேனேஜரை நம்பலாமா?

எழுதி வைக்கலாம். வீட்டு பீரோவில் இருக்கும் நோட்டை ரஷ்யாவிலிருந்து யாரும் படிக்க முடியாது. எழுபது வயது அம்மாவுக்கு நான் சொல்லிக்கொடுத்தது நோட்டுதான். போன் உறையில் சொருகி வைப்பதும், வாட்ஸ்அப்பில் தனக்கே அனுப்பிக்கொள்வதும்தான் ஆபத்து.

நிறைய கணக்கு இருப்பவர்களுக்கு, பாஸ்வேர்டுகளை எல்லாம் ஒரே பெட்டகத்தில் பூட்டி வைக்கும் செயலியான மேனேஜர் நல்லது. பிட்வார்டன், கீபாஸ், அல்லது போனிலேயே வரும் கூகுள், ஆப்பிள் வசதி, எதுவானாலும் சரி. ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு பாஸ்வேர்டை அதுவே உருவாக்கி வைத்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. வங்கித் தளம் மாதிரியே இருக்கும் போலித் தளத்தில் அது பாஸ்வேர்டை நிரப்பாது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதை நம் கண் விட்டுவிடும், அது விடாது. நிரப்பவில்லை என்றால் அங்கேயே நின்று முகவரியைப் பாருங்கள்.

முழுக்க ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற மேனேஜர் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகல்களே திருடுபோயின. உள்ளே பாஸ்வேர்டுகள் பூட்டியபடிதான் இருந்தன. ஆனால் பெட்டகத்தைத் திறக்கும் தலைமைப் பாஸ்வேர்ட் பலவீனமாக இருந்தவர்களுக்கு அந்தப் பூட்டு நாள்பட நிற்காது. அதனால்தான் மேலே சொன்ன ஐந்து சொற்களை இந்த ஒரு இடத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மனப்பாடம் செய்ய வேண்டியது அது ஒன்றுதான்.

ஓடிபி வருகிறதே, அது போதாதா?

எதுவும் இல்லாததற்கு அது மேல். ஆனால் உங்கள் நம்பருக்கு ஒரு திருடன் வேறு சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவனுக்குப் போகும். போனில் பேசிப் பேசியே உங்கள் வாயால் சொல்ல வைப்பவர்களும் இருக்கிறார்கள். மின்னஞ்சலுக்காவது, எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே குறியீட்டை உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் செயலியைப் போடுங்கள். அதோடு வரும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் தொலைந்த அன்று அந்தத் தாள்தான் கை கொடுக்கும்.

பாஸ்கீ என்று புதிதாகக் கேட்கிறதே?

ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் சேர்ந்து ஆதரவு அறிவித்த, பாஸ்வேர்ட் இல்லாமலே கணக்குக்குள் நுழையும் முறை. உங்கள் போனில் ஒரு ரகசியச் சாவி, தளத்திடம் அதற்குப் பொருந்தும் பொதுச் சாவி. தளம் உடைந்தாலும் திருட ரகசியம் எதுவும் அங்கே இல்லை. போலித் தளத்தில் அந்தச் சாவி வேலையும் செய்யாது. கைரேகைக்கு இதில் சரியான இடம் கிடைத்திருக்கிறது என்பது என் கருத்து: அது தளத்துக்குப் போவதில்லை, போனுக்குள் இருக்கும் சாவியை எடுத்துத் தருகிறது. கிடைக்கும் இடத்தில் எல்லாம் போடுங்கள். ஆனால் போன் தொலைந்தால் சாவிகள் திரும்ப வருவது கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு வழியாகத்தான். அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்தவருக்கு பாஸ்கீயும் உதவாது.

போலீஸ் கைரேகை கேட்டால் தர வேண்டுமா?

1961-ல் காத்தி காலு ஓகத் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு, கைரேகை தருவது தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வது ஆகாது என்று சொன்னது. மனசில் இருப்பதை வெளியே சொல்ல வைப்பதும், உடம்பில் இருப்பதைப் பதிந்து எடுப்பதும் சட்டத்தின் கண்ணிலும் வேறு வேறு. சொந்த வழக்கு என்றால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள்?

இதை யாரும் கேட்பதில்லை. நானாகச் சொல்வதுதான்.

போன வருஷம் ஒரு பெண், கணவரின் போனைத் துணிப்பையில் சுற்றி எடுத்து வந்தார். திடீரென்று போய்விட்டார் மனிதர். எப்போதும் விரல் வைத்தே திறந்ததால், பின் நம்பரை யாரிடமும் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு வந்ததில்லை. உள்ளே மகளின் காதுகுத்துப் படங்கள் இருக்கின்றன, வேறு எங்கும் நகல் இல்லை என்றார். கடைகளில் திறந்து தருகிறோம், ஆனால் எல்லாம் அழிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டியவை. கூகுள் கணக்கில் இன்னாக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர் என்று ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் சில மாதங்கள் வராமல் போனால் யாருக்கு எதைத் தரலாம் என்று இப்போதே சொல்லி வைக்கலாம். ஐபோன்காரர்களுக்கு, தங்களுக்குப் பிறகு கணக்கைப் பார்க்க ஒருவரை நியமிக்கும் லெகசி கான்டாக்ட். இரண்டுக்கும் பத்து நிமிஷம் ஆகாது. அப்புறம் ஓர் உறையில் போனின் பின் நம்பர், மேனேஜரின் தலைமைப் பாஸ்வேர்ட், மின்னஞ்சலின் மீட்புக் குறியீடுகள் மூன்றையும் கையால் எழுதி ஒட்டி, வீட்டில் ஒருவரிடம் இடத்தை மட்டும் சொல்லி வையுங்கள்.

எங்கள் வீட்டு உறை, தாத்தாவின் பத்திரத்துக்கு அடியில் இருக்கிறது. போகிக்கு முன்னால் பீரோவை ஒதுங்க வைக்கும்போது, அந்த வருஷம் மாறியதைத் திருத்திப் புதுத் தாள் வைப்போம். பழைய தாள் மறுநாள் காலை போகியில் எரிந்துவிடும்.